முதல் ரேங்க் நோயாளி

கணேசமூர்த்திக்கு மாரடைப்பு வந்தபோது அவர் ஒரு கிளையன்ட்டுக்கு ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தார். இடது தோளில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கியது. நெற்றி வியர்த்தது. இன்னும் சில ஸ்லைடுகள் பாக்கி இருந்தன. அவற்றையும் காட்டி முடித்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, லேப்டாப்பை மூடிய பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தன் டீமைச் சேர்ந்த ரித்விக்கிடம், தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். காரில் ஏறும்போது, கிளையன்ட் முகத்தைப் பார்த்தால் திருப்தி தெரிந்ததா என்றும் கேட்டார்.

கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னொன்றிலும் லேசாக அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்து போதும், ஆனால் வலி என்று எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றார். கணேசமூர்த்தி மனதில் தங்கியது வேறு. பிரசென்டேஷனை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற செய்தி பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருந்த ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் அதையே சொல்லி வியந்தார்கள். வாழ்க்கையில் தான் சாதித்தவற்றோடு அதையும் அவர் சேர்த்துக்கொண்டார். யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால் அவர் மனைவி ராதா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் டெலிவரி ஹெட். சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. தேதி தவறியது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. தர்மபுரியில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். எந்தப் பரீட்சை எழுதினாலும் முதல் ரேங்க். அப்பா பஸ் கண்டக்டர். ரேங்க் கார்டு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தால் வேறு பேச்சே இருக்காது. எந்தெந்தப் பயணியிடம் சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் சொல்வார். எட்டாம் வகுப்பு அரையாண்டில் இரண்டாம் ரேங்க் வந்தது. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அன்று சாப்பிடும்போது மழையைப் பற்றிப் பேசினார். இந்த வருஷம் மழை பரவாயில்லை என்றார். கணேசமூர்த்தி அதற்கப்புறம் இரண்டாம் ரேங்க் வாங்கவே இல்லை.

ஸ்டென்ட் வைத்துக் கம்மனஹள்ளி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் கையில் இருந்த புராஜெக்ட்டைக் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ராதா தான் வேலை பார்க்கும் பேங்க்குக்குப் போகும்போது அவர் லேப்டாப்பையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மகள் பிரபா புனேயிலிருந்து வந்து, பார்த்து, அழுது, ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். கணேசமூர்த்தி காத்திருந்தார். தான் இல்லாமல் அந்தப் புராஜெக்ட் கரையேறாது என்பது அவருக்குத் தெரியும். தேதி தள்ளிப் போகும்; கிளையன்ட் கத்துவான்; மேலே இருப்பவர்கள் தயங்கித் தயங்கி வீட்டுக்குப் போன் செய்வார்கள். உடம்பு இருக்கிற இருப்பில் முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் சரி என்று சொல்வதாகத் தீர்மானித்து, ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியும் வைத்திருந்தார்.

தேதி வந்தது. புராஜெக்ட் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. ரித்விக் போன் செய்து, எல்லாம் ஸ்மூத்தாகப் போய்விட்டது, கிளையன்ட்டுக்கு ரொம்ப சந்தோஷம், சார் எதைப் பற்றியும் கவலைப்படாமல் ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்றான். சாயங்காலம் டீம் பெயரில் ஒரு கேக் வந்தது. இதய நோயாளி சாப்பிடுவதற்கென்று முட்டை, வெண்ணெய், சர்க்கரை எதுவும் போடாமல் செய்யச் சொல்லியிருந்தார்கள். கணேசமூர்த்தி ஒரு துண்டு சாப்பிட்டார். மாரடைப்பின்போது வராத பயம் அப்போது வந்தது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நோயாளிகள் பிரேசர் டவுன் பக்கம் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், கண்காணிப்பில் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதுவரை தட்டிக் கழித்துக்கொண்டிருந்த கணேசமூர்த்தி, கேக் வந்த மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் டீனா என்ற பிசியோதெரபிஸ்ட். இளவயசு; அதிகம் சிரிக்காதவள். அவர் விரலில் ஒரு கருவியை மாட்டி நாடித்துடிப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“இங்க டாப்ல யாரு இருக்காங்க?”

“டாப்லன்னா, சார்?”

“இந்த பேட்ச்ல. பெஸ்ட் பேஷன்ட்.”

டீனா யோசித்தாள். “பேஷன்ட்ல பெஸ்ட்டுன்னு யாரும் இல்ல சார். எல்லாருக்கும் ஹார்ட் பிராப்ளம்தான்.”

அவள் மறைக்கிறாள் என்று அவர் நினைத்தார். எல்லா இடத்திலும் ஒரு வரிசை உண்டு. சில இடங்களில் அதை வெளியே ஒட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். முகம் துடைக்கிற சாக்கில் அடுத்தவர்களின் டிரெட்மில்லில் ஓடும் எண்களைப் பார்க்கப் பழகினார். இரண்டு வாரத்துக்குள் அந்த வரிசை அவர் மனதில் பதிந்துவிட்டது. முதலிடத்தில் அவர் இருந்தார். கடைசியில் நோரா இருந்தார்.

நோரா ஜீவனஹள்ளிக்காரர். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். பி.டி. மாஸ்டர் வேலையை விட்டுப் போனதிலிருந்து விளையாட்டையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். புடவையும் கான்வாஸ் ஷூவுமாக வருவார். ஜன்னல் ஓரத்து டிரெட்மில்தான் வேண்டும் என்பார், அங்கிருந்து பார்த்தால் எதிரே பேக்கரி தெரியும். நடந்துகொண்டே அங்கே யார் என்ன வாங்கினார்கள் என்று எல்லாருக்கும் சொல்வார். இந்த வேகத்தில் போனால் இந்த அம்மாள் எங்கேயும் போய்ச் சேர மாட்டார் என்று கணேசமூர்த்திக்குத் தோன்றியது. டிரெட்மில்லில் யாருமே எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்பது தோன்றவில்லை.

டீனா வைத்த வேகத்தை, அவள் முதுகைத் திருப்பியதும் அவர் கூட்டினார். அவள் வந்து குறைப்பாள். மறுபடி கூட்டுவார். காய்கறி வாங்கப் போவதாக ராதாவிடம் சொல்லிவிட்டு, அபார்ட்மென்ட் மாடிப்படிகளை ஏறி இறங்கினார். அப்புறம் நிஜமாகவே காய்கறியும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு நாள் அவர் வியர்த்து வழிய நடப்பதைப் பார்த்து நோரா கேட்டார்.

“பஸ்ஸு எதுனா புடிக்கணுமா சார்?”

இல்லை என்று சொல்லிவிட்டு அவர் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அந்த பேட்ச் முடியும்போது ஒரு பரீட்சை உண்டு. ஆறு நிமிட நடை என்று அதற்குப் பெயர். தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூம்பு வைத்திருப்பார்கள். ஆறு நிமிடத்தில் ஒருவர் அந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பார்கள். பரீட்சை என்ற சொல்லை டீனா சாதாரணமாகத்தான் சொன்னாள். கணேசமூர்த்தி அன்று முதல் சரியாகத் தூங்கவில்லை. தன்னிடம் மிஞ்சியிருக்கிற ஒரே பரீட்சை அது என்று அவருக்குப் பட்டது. அதில் ஜெயித்தால் அந்த முடிவை ரித்விக்குக்கு அனுப்பலாம். நிர்வாகத்துக்கும் அனுப்பலாம். என்னவென்று எழுதி அனுப்புவது என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஒவ்வொருவராக நடக்க வைப்பதுதான் முறை. அன்று மதியம் தாழ்வாரத்துக்கு பெயின்ட் அடிக்க ஆள் வருவதாக இருந்ததால் இரண்டிரண்டு பேராக விட்டார்கள். கணேசமூர்த்திக்கு ஜோடி நோரா. இந்த அம்மாளை வைத்துக்கொண்டு என்ன போட்டி என்று அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் நடக்க ஆரம்பித்தார்.

நாலைந்து தடவை நோராவைத் தாண்டியிருப்பார். அப்போதுதான் தோளில் அந்த ஈரத்துணியை யாரோ மறுபடி கையில் எடுத்தார்கள். முதலில் லேசாக முறுக்கினார்கள். அவர் கையை உதறிக்கொண்டார். கூம்பைச் சுற்றித் திரும்பியபோது இன்னும் கொஞ்சம் முறுக்கியது.

“வலி எதுவும் இருக்கா சார்?” டீனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றார். இதைவிடப் பெரிய வலியில் நின்று ஸ்லைடு காட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். சுவர் கொஞ்சம் சாய்ந்ததுபோல இருந்தது. நோரா எதிரே வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் தாண்டிப் போய்விட்டார்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் நோரா தாழ்வாரத்தின் நடுவில் கிடந்தார். டீனா ஓடினாள். நர்ஸ் ஒருத்தி ஓடினாள். கூம்பு கணேசமூர்த்திக்கு எதிரே, கொஞ்ச தூரத்தில் இருந்தது. இந்தச் சுற்று மட்டும் முடிந்தால் போதும், கணக்கில் சேர்ந்துவிடும். அவர் கூம்பு வரைக்கும் போனார். அதைச் சுற்றினார். அப்புறம்தான் நோரா கிடந்த இடத்துக்கு வந்து குனிந்தார்.

நோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மயங்கி விழுந்தவர் கைபோல அது இல்லை, நல்ல பிடி.

“சார், இங்க என் பக்கத்துல உக்காருங்க. பயமா இருக்குது.”

அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நோரா படுத்த வாக்கிலேயே, வகுப்பில் சாக்பீஸ் கேட்கிற குரலில் டீனாவிடம் சொன்னார்:

“இப்ப இவர பாரும்மா. ஒதடெல்லாம் வெள்ளையாயிருச்சு.”

அதற்கப்புறம் நடந்தவை அவருக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. உருளும் கட்டில். லேசாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்த அந்த இரண்டாவது குழாய் இப்போது லேசாக இல்லை. அதிலும் ஸ்டென்ட் வைத்தார்கள். ராதா கழுத்தில் பேங்க் அடையாள அட்டையோடு அப்படியே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து டீனா வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்பதற்கு முன்னால், தனக்கு எவ்வளவு தூரம் வந்தது என்று அவர் கேட்டார்.

டெஸ்ட் முடியவில்லை, அதனால் ரிசல்ட் கிடையாது என்றாள். நின்ற இடம் வரைக்குமாவது எவ்வளவு என்று கேட்டார். எழுதவில்லை என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம், நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த மேடம் விழாமல் இருந்திருந்தால் முடித்திருக்கலாம் என்றார். சொன்ன பிறகு, நோரா எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும் என்று தோன்றி, அதையும் கேட்டார்.

“அவங்களுக்கென்ன, நல்லா இருக்காங்க. ஒண்ணும் ஆகல.”

“விழுந்தாங்களே.”

“விழல சார்,” என்றாள் டீனா. “படுத்தாங்க.”

நாங்கள் எல்லாரும் பயந்து போனோம், அதற்காக அவரைத் திட்டக்கூடத் திட்டினேன் என்றாள். சொன்னால் அந்த சார் நிற்க மாட்டார், அதனால் படுத்தேன் என்று நோரா பதில் சொன்னாராம்.

கணேசமூர்த்திக்கு முதலில் கோபம் வந்தது. தன்னைச் சின்னப் பையனைப்போல ஏமாற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்த நாட்களில் அந்தக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, அடியில் வேறொன்று தெரிந்தது. யாராவது விழுந்தால் இந்த மனிதர் நிற்பார் என்று நோரா நம்பிப் படுத்திருக்கிறார். அவரோ கூம்பைச் சுற்றிவிட்டுத்தான் வந்தார். நிஜமாகவே அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அவர் எழுந்து தண்ணீர் குடித்தார். தன்னைப் பற்றி ஒருவர் நல்லதாக நினைத்திருக்கிறார், அது தப்பு என்பது தனக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு நிலைமை அவருக்குப் புதுசு. இதுவரை அவரைப் பற்றி நல்லதாக நினைத்தவர்கள் எல்லாரும் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நினைத்தவர்கள்.

நடக்க அனுமதி கிடைத்ததும் ராதாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனார். வழியில் திராட்சை வாங்கிக்கொண்டார். சந்துக்குள் மாடிவீடு. கதவைத் திறந்தவர் நோராவின் கணவர் லாயிட். வாங்க சார், என்று உட்கார வைத்துவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தார், கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததால் முழுக்க அணைக்கவில்லை. நோரா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உடம்பு, சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரித்து முடித்தார். கணேசமூர்த்தி திராட்சைப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

“ஏன் மேடம் அப்படிப் பண்ணீங்க?”

“நில்லுங்கன்னா நின்னிருப்பீங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல.”

“டீனா கேட்டப்ப வலி இல்ல, வலி இல்லன்னீங்க. எங்காதுல வுழுந்துச்சு. ஸ்போர்ட்ஸ் டேல இந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும் சார். வாந்தி எடுத்துனே ஓடும். கத்தினாலும் நிக்காது. பக்கத்துல ஒரு புள்ள வுழுந்தா மட்டும் நின்னுரும்.”

“நான் உடனே நிக்கல.” அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. “கோன் வரைக்கும் போய்த் திரும்பிட்டுத்தான் வந்தேன்.”

“தெரியும். கண்ண தொறந்துனுதான படுத்திருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வந்தீங்கல்ல.”

இன்னும் ஏதாவது சொல்வார் என்று கணேசமூர்த்தி காத்திருந்தார். நோரா அவர் மடியிலிருந்து பையை எடுத்து, இதைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று லாயிட்டிடம் கொடுத்தார். அந்த ஓவர் முடியட்டும் என்றார் லாயிட்.

எல்லார் முன்னாலும் தரையில் படுக்க வெட்கமாக இல்லையா என்று கணேசமூர்த்தி கேட்டார். தரை ஜில்லென்று நன்றாக இருந்தது என்றார் நோரா. அடுத்த வாரம் தன்னை மட்டும் தனியாக மறுபடி நடக்க வைத்தார்கள், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது, அதற்கும் டீனா திட்டினாள் என்றார். எவ்வளவு வந்தது என்ற கேள்வி கணேசமூர்த்தியின் வாயிலிருந்து அவரைக் கேட்காமலே வெளியே வந்தது. நோரா கூரையைப் பார்த்து யோசித்தார். மறந்துவிட்டது என்றார். வேண்டுமென்றே மறைக்கிறார் என்று முதலில் நினைத்தார் கணேசமூர்த்தி. திராட்சை சாப்பிட்டு முடிப்பதற்குள், நிஜமாகவே மறந்துதான் போயிருக்கிறார் என்பது புரிந்தது. ஒரு மனிதர் தன் மார்க்கை மறக்க முடியும் என்பதை அவர் அன்றுதான் நேரில் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராதா ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். சீசன் அது, வீடெல்லாம் அந்த வாசனை. எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு கை எடுத்துப் பிதுக்கினார். அவர் பிதுக்கியது எகிறிப் போய் சோபாவுக்கு அடியில் விழுந்தது. பேப்பரில் படித்ததைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார்: மாடிப்படி ஏறியது, வேகத்தைக் கூட்டியது, வலி வந்தும் நிற்காமல் நடந்தது, கூம்பு.

ராதா பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மொத தடவையும் அப்படித்தான பண்ணீங்க. எல்லாரும் வந்து பாராட்டிட்டுப் போனாங்க.”

அவர் இன்னொரு பருப்பை எடுத்துப் பிதுக்கினார்.

“வலி வந்தப்ப என்ன நெனச்சீங்க?”

“அந்த கோன் வரைக்கும் போயிடணும்னு.”

“என்னைய?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. “இல்ல.”

“பிரபாவ?”

“இல்ல.”

ராதா இன்னும் நாலைந்து பருப்பைப் பிதுக்கினாள். “அது என்ன கலரு, அந்த கோனு?”

“ஆரஞ்சு.”

ராதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கையெல்லாம் பிசுபிசுப்பு, கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் தடவினாள். அவர் துண்டை எடுத்துவந்து துடைத்துவிட்டார். அப்படிச் செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்ததால் மூக்கில் கொஞ்சம் இடித்துவிட்டது.

“உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த ஆபீஸ்ல கேக்கு செஞ்சு அனுப்புவாங்க,” என்றாள். “நான் என்ன பண்றது?”

கொஞ்ச நேரம் கழித்து, கல்யாணத்தின்போது அவருக்கு வேலையே இல்லை என்பது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அவருக்கு ஞாபகம் இருந்தது; யாரும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்று நினைத்திருந்தார். நிச்சயம் ஆன பிறகு அவருடைய முதல் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் அவர் வேலை போனது. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று ராதாவின் அப்பா சொன்னார். தள்ள வேண்டாம் என்று சொன்னவள் ராதா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. பதில் வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது கேட்டார்.

“பத்திரிகை அடிச்சாச்சு,” என்றாள் ராதா.

அவர் தலையை ஆட்டினார். நியாயமான காரணம்தான்.

“அப்புறம், புடிச்சிருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு, சோபாவுக்கு அடியில் போன பருப்பை எடுக்கச் சொன்னாள்.

அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. மறுபடி உடற்பயிற்சிக்குப் போனார். டீனா வைத்த வேகத்திலேயே நடந்தார். ஆனால் அடுத்தவர் எண்களைப் பார்க்காமல் இருக்கக் கழுத்து வலித்தது. அவரையும் தனியாக ஆறு நிமிடம் நடக்க வைத்தார்கள். நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கியபோது நின்று, மூச்சு வாங்குகிறது என்று சொன்னார். வயசுக்குச் சராசரி என்று டீனா சொன்னாள். சராசரி என்றால் மற்றவர்கள் எவ்வளவு என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றாள். சரி என்று வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் வந்து திரும்பவும் கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆபீசில் டெலிவரி ஹெட் இப்போது ரித்விக். கணேசமூர்த்திக்கு ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்து, பாதி நாள் வந்தால் போதும் என்றார்கள். முதல் வாரம் யாரும் எதற்கும் ஆலோசனை கேட்கவில்லை. அது கசந்தது. காண்டீனில் தனியாக உட்கார்ந்து மோர் குடித்தார். கசப்போடேயே மறுநாளும் போனார். மதியம் கிளம்பி வந்து தூங்கினார்.

தை பிறந்ததும் அத்திபெலேயில் ராதாவின் தம்பி ரங்கநாதன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஓசூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே, பல வருஷம் இழுத்து இழுத்துக் கட்டிய வீடு. இந்த மாதிரி விசேஷங்களுக்குக் கணேசமூர்த்தி முகூர்த்த நேரத்துக்கு வந்து, காதில் போனோடு வாசலில் நின்றுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிடுவது வழக்கம். அன்று விடியற்காலையிலேயே ராதாவோடு வந்துவிட்டார். பால் காய்ச்சினார்கள். ஹோமப் புகையில் எல்லார் கண்ணும் எரிந்தது. ரங்கநாதனின் மாமனார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று விசாரித்தார். கணேசமூர்த்தி புதுப் பதவியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். அதை விளக்குவதற்கு நிறைய நேரம் ஆகும் என்று பட்டது.

“பெருசா ஒண்ணும் இல்லீங்க,” என்றார்.

மாமனார் சரி என்று தலையாட்டிவிட்டு, மாடிக்குப் போனால் காற்று நன்றாக வரும், போய்க் கொஞ்சம் சாயுங்கள், முகம் வாடியிருக்கிறது என்றார்.

மாடி அறையில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. சுவரோரமாக ஒரு பாய் கிடந்தது. சும்மா கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று படுத்தார்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலைக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. படுத்தபோது அது இல்லை. யாரோ கீழே இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, ஒயரை அடுத்த அறையிலிருந்து இழுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் மாடிக்கு வராதபடி படியில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அத்தனை பேர் வந்து சாப்பிட்டுப் போன வீட்டில் அவரை ஒருவரும் எழுப்பவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நெஞ்சுவலியாக இருக்குமோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இல்லை.

கீழே இறங்கி வந்தார். பந்தியெல்லாம் முடிந்து, சமையல்காரர்கள் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு இலை எடுத்து வைத்திருக்கிறோம் என்று ரங்கநாதனின் மனைவி அதே வரிசையில் ஓரத்தில் இலையைப் போட்டாள். பாயசம் மட்டும் தீர்ந்துவிட்டது அண்ணா என்றாள். பரவாயில்லை என்றார். ராதா கூடத்தின் மறுகோடியில் அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தவள், அவர் உட்காருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எண்ண ஆரம்பித்தாள்.

பக்கத்து இலையில் தலைமைச் சமையல்காரர். தோளில் துண்டோடு, வியர்வை காயாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

“ராதாவோட வீட்டுக்காரர்.”

“ஓ, அந்தம்மாவா,” என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். உருளைக்கிழங்குப் பொரியலை எடுத்து அவர் இலையில் வைத்தார். சமையல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

கணேசமூர்த்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

“ஆமாங்க, இன்னைக்கு கொஞ்சம் தவறிப்போச்சு,” என்று சொல்லிவிட்டு, அவர் தன் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார். அப்புறம் கணேசமூர்த்தியின் இலையிலும் ஊற்றினார்.